வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மிஸ்ஸிங்

எங்கள் கார் ஷெட்டில் ஓர் ஆணியில் யூரியா சாக்கு ஒன்று தொங்குகிறது. அதற்குள் நாலு ஸ்பார்க் பிளக், நாலு இக்னிஷன் காயில், ஒரு இன்ஜெக்டர், ஒரு பெட்ரோல் பம்ப். எல்லாம் எங்கள் வண்டியிலிருந்து கழற்றியவை. எதுவுமே கெட்டுப்போனதில்லை. நல்ல சாமானைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "போயிருச்சு சார்" என்றார்களே, அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. "அந்தச் சாக்கைத் தூக்கிப் போடுங்களேன்" என்கிறாள் என் மனைவி. போட மாட்டேன். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

நான் தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். நன்னிலத்துக்குப் பக்கத்தில், வயலை ஒட்டி வீடு. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்தி ஒன்றரை வருடமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் கும்பகோணத்தில் டயாலிசிஸ். காலை ஆறரைக்குக் கட்டிலில் இருக்க வேண்டும். தாமதமானால் கட்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும், அவர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். அதனால் ஐந்து மணிக்குக் கிளம்புவோம். இந்த ஏற்பாடு முழுக்க ஏழு வருடப் பழைய பெட்ரோல் கார் ஒன்றின் தலையில் இருந்தது.

அவள் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து. உடம்பில் சேரும் தண்ணீர் வெளியே போக வழியில்லை, மிஞ்சினால் நுரையீரலில் ஏறி மூச்சு முட்டும். காலையில் ஒரு பாட்டிலில் நான்தான் அளந்து ஊற்றி வைப்பேன். அவளுக்குரியது எல்லாமே என் கையில்தான்: மாத்திரை டப்பா, எடை எழுதும் நோட்டு, டாக்டரிடம் பேசுவது. நர்ஸ் அவளைப் பார்த்து "நேத்து எப்படிம்மா இருந்தீங்க?" என்று கேட்டால், "நல்லா இருந்தா, நல்லாத் தூங்கினா" என்று நான் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வண்டி முதல்முறையாக ஆடியது. கிளம்பும்போதே இன்ஜின் சீராக ஓடாமல் விட்டு விட்டு இழுத்தது. ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேகம் ஏறவில்லை, குலுங்கல்தான் ஏறியது. மீட்டரில் மஞ்சளாக ஒரு விளக்கு. பக்கத்தில் மனைவி கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாச்சியார்கோவில் தாண்டியதும் தானாகச் சரியாகிவிட்டது. திரும்பி வரும்போது ஒரு குறையும் இல்லை.

மறுநாள் நன்னிலத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதலாளி பானெட்டைத் திறக்கவில்லை, ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை. நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, "மிஸ்ஸிங் அடிக்குது சார். பிளக் போயிருச்சு" என்றார். மாற்றினார். செவ்வாய்க்கிழமை வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. கெட்டிக்காரர் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி ஆடியது.

"அப்ப காயில்தான் சார்" என்றார். நாலையும் மாற்றினார். அந்தச் செவ்வாயும் வண்டி நன்றாக ஓடியது. அடுத்த வெள்ளி ஆடியது. "இனிமே ஸ்கேனர் வச்சுத்தான் சார் பாக்கணும், தஞ்சாவூருக்குக் கொண்டு போயிருங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார். ஏனய்யா, இதை முதல் நாளே சொல்ல வாய் வலித்ததா?

இந்த இடத்தில் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கழுவுவேன். சைக்கிள் வைத்திருந்த காலத்திலிருந்து அப்படித்தான். வெள்ளிக்கிழமை வண்டி சுத்தமாக இருக்க வேண்டும், மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும், சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும். என் மனைவியைச் சுமந்து போகும் வண்டி என்பதால் இப்போது இன்னும் பயபக்தியோடு செய்தேன். தை, மாசியில் எங்கள் பக்கம் சம்பா அறுவடை. அறுவடை மெஷின் வயலில் இறங்கினால் பதரும் தூசியும் வீட்டுக்குள் வரைக்கும் வரும். ரோட்டில் காயும் நெல்லின் மீதும் வைக்கோலின் மீதும்தான் வண்டி ஓட்ட வேண்டும். கிரில்லில், ரேடியேட்டரில், இன்ஜின் மேலே, எங்கும் பதர். அதனால் பானெட்டைத் தூக்கி, மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பைப்பால் உள்ளேயும் நன்றாகப் பீய்ச்சி அடிப்பேன்.

அவள் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். காயில் மாற்றியதற்கு அடுத்த வியாழக்கிழமை சொன்னாள்:

"ஏங்க, ஒண்ணு கவனிச்சீங்களா? வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஆடுது. செவ்வாக்கிழமை ஆடுறதே இல்ல."

"வண்டி என்ன வெள்ளிக்கிழமை விரதமா இருக்கு?" என்றேன்.

"விரதம் இல்ல. அதுக்குத் தண்ணி ஜாஸ்தியாகுது. எனக்கு அளந்து அளந்து ஊத்துறீங்க, அதுக்கு இப்படிக் கொட்டுறீங்க. மூச்சு முட்டாம என்ன பண்ணும்?"

நான் சிரித்தேன். அவள் தாகத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். கண் முன்னால் ஒருத்தன் தண்ணீரைக் கொட்டினால், நாக்கை நனைத்து நனைத்து நாளை ஓட்டுகிறவளுக்கு எரிச்சல் வராதா? அப்படித்தான் புரிந்துகொண்டேன். சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு, சொன்னவளுக்குப் பரிதாபப்பட்டேன். பெரிய மனசு எனக்கு.

தஞ்சாவூர் பட்டறை பெரியது. கண்ணாடிக் கதவு, ஏசி, காப்பி மெஷின். இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் கம்ப்யூட்டரை வண்டியில் செருகிப் பார்த்து, "மூணாவது சிலிண்டர் மிஸ்ஃபயர்னு காட்டுது சார். இன்ஜெக்டர் மாத்திரலாம்" என்றார். மூன்றாவது சிலிண்டரில் கோளாறு என்றுதானே அந்த மெஷின் சொன்னது? இன்ஜெக்டர் என்று சொல்லவில்லையே? அது எனக்கு அப்போது தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றினார். வெள்ளிக்கிழமை ஆடியது. அடுத்த தடவை, "பம்ப்ல பிரஷர் கம்மியா இருக்கலாம் சார்" என்றார். இருக்கலாமாம். அளந்து பார்த்தாரா என்று கேட்டேன். "மாத்திட்டா டவுட்டே இல்ல சார்" என்று பதில். பம்பையும் மாற்றினார்.

ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுத்துப் போனபோது அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடும் வண்டியைத் திறந்து, நல்ல சாமானை எடுத்துவிட்டு வேறு நல்ல சாமானைப் போட்டால் அது நன்றாகத்தானே ஓடும்? அதை வேலை முடிந்தது என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த நாட்களில் கும்பகோணத்திலிருந்து திரும்பும்போது ஒரு வெள்ளிக்கிழமை, "இன்னொரு தலகாணி வேணும்" என்றாள். இறங்கி வாங்கினேன், நல்ல இலவம்பஞ்சில். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று கேட்டாள். அதையும் வாங்கிக் கொடுத்தேன். அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை.

மாசியில் ஒரு வியாழக்கிழமை எங்கள் வீட்டை ஒட்டிய வயலில் அறுவடை. அன்று சாயங்காலம் வண்டியே தெரியாத அளவுக்குப் பதர். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பைப்பைப் பிடித்தேன். அவள் நாற்காலியில் இருந்து, "போதுங்க, விடுங்க" என்றாள். "நீ உள்ள போ, தூசி" என்றேன்.

மறுநாள் காலை வண்டி ஆடிக்கொண்டே கிளம்பி, நாச்சியார்கோவிலுக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் முன்னால் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் அறுத்த வயல். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. காவலுக்கு இருந்தவர் ஓடிவந்து தள்ளிப் பார்த்தார். ஐந்தே முக்கால், ஆறு, ஆறே கால். அவள் கீழே இறங்காமல், முன் டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் பட்டறைக்காரர்கள் இருவரையும் அவர்கள் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். காய்கறி ஏற்றிப்போன லோடு ஆட்டோ ஒன்று நின்றது. டிரைவர் பக்கத்தில் அவளை உட்கார வைத்து, நான் பின்னால் கத்தரிக்காய் மூட்டை மேல் உட்கார்ந்து போனேன்.

போய்ச் சேரும்போது ஏழே முக்கால். கட்டில் போய்விட்டது. மறுநாள் காலைதான் இடம் என்றார்கள். சனிக்கிழமை காலை அவளை ஆக்சிஜன் வைத்துத்தான் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் என்னிடம் ஒரே வாக்கியம் சொன்னார்: "இன்னொரு தடவ இப்படி மிஸ் பண்ணிட்டு வராதீங்க." நான் வெளியே வந்து, கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

ரோட்டில் விட்டுவந்த வண்டி வெள்ளிக்கிழமை மத்தியானமே ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகி வீடு வந்து சேர்ந்திருந்தது, ஆனாலும் அதை நம்பாமல் அடுத்த செவ்வாய் வாடகைக் காரில் போனோம். புதன்கிழமை, கூத்தாநல்லூரில் ஒரு பாய் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை நன்றாகப் பார்ப்பார், வளைகுடாவில் பல வருடம் இருந்தவர் என்று கேள்விப்பட்டு வண்டியை எடுத்துப் போனேன். வண்டி வழக்கம்போல யோக்கியமாக ஓடியது. மனைவியும் வருகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "வீட்டுலயே உக்காந்து என்ன பண்றது" என்றாள்.

பாய் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். கையில் ஸ்பானர் இல்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், இன்ஜின் சூடானதும் சரியாகிறதா, திரும்பும்போது எப்படி. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சாக்கை அவர் காலடியில் தொப்பென்று போட்டேன்.

"இத்தனையும் மாத்தியாச்சு பாய். இன்னும் என்ன மாத்தணும், அத மட்டும் சொல்லுங்க."

அவர் சாக்கைப் பார்க்கவே இல்லை. "மாத்துறது அப்புறம் சார். மொதல்ல என்னிக்கு ஆடுதுன்னு சொல்லுங்க."

"அப்பப்ப ஆடும். ஒரு கணக்கு கிடையாது."

காருக்குள் இருந்து ஓர் இருமல் கேட்டது. பாய் அந்தப் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கதானே பக்கத்துல உக்காந்து வர்றவங்க? நீங்க சொல்லுங்க."

"அவளுக்கு வண்டியப் பத்தி என்ன..." என்று ஆரம்பித்தேன்.

"சார், அவங்க சொல்லட்டும்."

அவள் சொன்னாள். வெள்ளிக்கிழமை மட்டும். செவ்வாய் ஒருதடவைகூட இல்லை. நாச்சியார்கோவில் தாண்டினால் ஆட்டம் நின்றுவிடும். வியாழக்கிழமை சாயங்காலம் இவர் பானெட்டைத் திறந்து பைப்பால் அடிப்பார். எந்த வாரம் அதிகம் அடிக்கிறாரோ அந்த வாரம் அதிகம் ஆடும். நடுவில் ஊரில் இழவு விழுந்ததால் ஒரு வியாழக்கிழமை கழுவவில்லை, மறுநாள் ஆடவில்லை. எல்லாம் தேதிவாரியாகச் சொன்னாள். முப்பது வருடம் தாலுகா ஆபீஸில் நிலக் கணக்கு எழுதியவன் நான், அவள் சொன்ன மாதிரி ஒரு பதிவு என் கையால் எழுதியதில்லை.

பாய் உள்ளே போய், துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற சின்ன பாட்டில் ஒன்றை எடுத்து வந்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஓடும் இன்ஜினில் ஒரு இடத்தில் தெளித்து, காத்திருந்து, துடைத்துவிட்டு, அடுத்த இடத்தில் தெளித்தார். காயில்கள் மேலே தெளித்தார், ஒன்றும் ஆகவில்லை. ஒயர்கள் சேரும் கப்ளர்களில் தெளித்தார், ஒன்றும் ஆகவில்லை. இன்ஜினுக்குப் பின்னால் ஒயர் கட்டு வளைந்து போகிற மூலையில் தெளித்தார். வண்டி அந்த வெள்ளிக்கிழமை நடுக்கம் நடுங்கியது.

அப்போதும் எதையும் கழற்றித் தூக்கி எறியவில்லை. மூன்றாவது காயிலையும் முதலாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, அதே மூலையில் மறுபடி தெளித்து, சின்ன ஸ்கேனர் ஒன்றைச் செருகிக் காட்டினார். "காயில்ல தப்புன்னா இப்ப ஒண்ணாவது சிலிண்டர் மிஸ் ஆகணும். பாருங்க, இன்னும் மூணாவதுதான் மிஸ் ஆகுது. அப்ப காயில் மேல பழி போடக்கூடாது." பிறகு அந்த மூலையில் டேப்பைப் பிரித்தார். கட்டுக்குப் பின்னால் நெல் உமியும் பஞ்சும் சேர்த்து ஒரு கூடு. அறுவடைக்குத் தப்பி வயலில் இருந்து வந்த எலி, எங்கள் ஷெட்டில், எங்கள் இன்ஜினில் குடித்தனம் நடத்தியிருக்கிறது. மூன்றாவது காயிலுக்குப் போகும் கம்பியும், எல்லாக் காயிலுக்கும் பொதுவாகக் கரண்ட் போகும் கம்பியும் தோல் உரிந்து, பாதி அறுந்து, பச்சை பூத்துக் கிடந்தன. காய்ந்திருக்கும்போது பிழைத்துக்கொள்ளும். நனைந்தால் நடுங்கும். நன்றாக நனைந்தால் நின்றுவிடும்.

விரல் நீளத்துக்குப் புதுக் கம்பி, கொஞ்சம் ஈயப் பற்று, டேப். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. "பார்ட்ஸ் எதுவும் போகல சார்" என்று சாக்கைக் காலால் என் பக்கம் லேசாக நகர்த்தினார். "உள்ள பைப் அடிக்காதீங்க. பதர் வந்தா பிரஷ்ஷால தட்டுங்க."

வரும் வழியில் கியரை வெடுக் வெடுக்கென்று மாற்றிக்கொண்டே வந்தேன். "கோவமா?" என்றாள். ஆமாம் என்றேன். யார் மேல் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை சாக்கைத் தூக்கிக்கொண்டு நன்னிலம் பட்டறைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். உன்னால் என் வீட்டுக்காரி செத்துப் பிழைத்தாள் என்றேன். பட்டறைக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு விட நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்:

"நான் கேட்டிருக்கணும் சார். கேக்கல, தப்புதான். ஆனா வெள்ளிக்கிழமை மட்டும்னு நீங்களும் சொல்லலயே சார்? ஒங்களுக்கே தெரியலயா?"

அவர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. கேட்பது அவர் வேலை. ஆனால் தாலுகா ஆபீஸில், எந்த சர்வே நம்பர், எந்தப் பக்கம் வாய்க்கால், யார் அனுபவத்தில் இருக்கிறது என்று நாலு தடவை கேட்காமல் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டவனில்லை நான். சாக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று வியாழக்கிழமை. வண்டியைக் கழுவவில்லை. வெள்ளிக்கிழமை காலை, கண்ணாடியில் பதரோடு, குங்குமம் வைக்காமல் கிளம்பினோம். இன்ஜின் ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை. ஆறு பதினைந்துக்கு எடை பார்த்து, ஆறரைக்குக் கட்டிலில் இருந்தாள். நர்ஸ் வழக்கம்போல நோட்டை விரித்துக்கொண்டு, "நேத்து எப்படிம்மா? தூக்கம் எப்படி?" என்று கேட்டார்.

"நல்லாத்..." என்று என் வாய் தானாகத் திறந்தது. கூத்தாநல்லூர் பாயின் குரல் காதில் கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

நர்ஸ் காத்திருந்தார். மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள், நான் பேசப் போகிறேனா என்று. பேசவில்லை என்றதும் நர்ஸிடம் சொன்னாள்:

"தூக்கமே இல்ல சிஸ்டர். படுத்தா மூச்சு முட்டுது. தை மாசத்துலேருந்து சாஞ்சு உக்காந்துதான் தூங்குறேன்."

நர்ஸின் பேனா நின்றது. உடனே டாக்டரைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை தவறிய அன்று மட்டும் இல்லை, வாரக்கணக்காகவே தண்ணீர் உடம்பில் தங்கிக்கொண்டிருக்கிறது, உடம்பு இளைத்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியதால் நோட்டில் எடை குறையவே இல்லை, டயாலிசிஸ் முடிந்ததும் இருக்க வேண்டிய எடையைக் குறைத்து வைத்து இன்னும் அதிகமாகத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில், நான் தினமும் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இத்தன நாளா வீட்டுல சொல்லவே இல்லயா?" என்று நர்ஸ் அவளைக் கடிந்துகொண்டார்.

"இன்னொரு தலகாணி வேணும்னு கேட்டேன் சிஸ்டர்" என்றாள். "வாங்கிக் குடுத்தாரு. ரெண்டு தடவ."